மூளை வளர்ந்ததும் மொழி வந்ததும்: டவுங் முதல் டோங்காட் வரை

டர்பனுக்கு அருகே சாட்ஸ்வர்த்தில் வாழும் ஒருவர் கேட்டது: "மூளை பெரிதானதால் மொழி வந்ததா, மொழி வந்ததால் மூளை பெரிதானதா? தென்னாப்பிரிக்காவில் கிடைத்த எலும்புகளும் குகைகளும் இதைப் பற்றி என்ன சொல்கின்றன? எங்கள் ஆயாவும் தாத்தாவும் பேசிய தமிழ் வீட்டில் நின்றுபோய்விட்டது. பேரப்பிள்ளைகளுக்கு ழ, ள, ண எதுவும் வாயில் வரவில்லை. இது மூளையிலேயே ஏற்பட்ட இழப்பா?"

கடைசிக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன், அதில்தான் உங்கள் கவலை இருக்கிறது. இல்லை. உங்கள் பேரப்பிள்ளைகளின் மூளையில் எதுவும் குறையவில்லை. எந்த மனிதக் குழந்தையும் எந்த மொழியையும் கற்கும் திறனோடுதான் பிறக்கிறது. அந்தத் திறன் எவ்வளவு பழையது என்பதைக் காட்டும் சான்றுகளில் முக்கியமான சில, உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கிடைத்தவை. அதனால் எலும்பிலிருந்து தொடங்கி ழகரத்துக்கு வருகிறேன்.

1924-ஆம் ஆண்டின் இறுதியில், இன்றைய வடமேற்கு மாகாணத்தில் டவுங் ஊருக்கு அருகே பக்ஸ்டன் சுண்ணாம்புச் சுரங்கத்தில் வெடிவைத்துப் பெயர்த்த பாறைகளிலிருந்து, மனிதருக்கு வெகு முந்தைய ஓர் இனத்துக் குழந்தையின் முகமும், அதன் மண்டைக்குள் பொருந்துகிற ஒரு கல் உருண்டையும் கிடைத்தன. அவை ஜோகன்னஸ்பர்க் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்த ரேமண்ட் டார்ட்டின் கைக்கு வந்தன. அந்தக் கல் உருண்டை மூளையின் அச்சு. இறந்தவரின் மூளை அழுகிப்போன பிறகு, சுண்ணாம்பு கலந்த மண் மண்டையோட்டுக்குள் இறங்கி நிறைந்து, காலப்போக்கில் கல்லாக இறுகும். உயிரோடு இருக்கும்போது மூளை மண்டையோட்டின் உட்புறத்தை அழுத்திக்கொண்டே இருப்பதால், அதன் மடிப்புகளின் தடம் எலும்பில் மெல்லியதாகப் பதிந்திருக்கும். கல் அந்தத் தடத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது.

இந்த அச்சை எவ்வளவு நம்பலாம் என்பது முக்கியமான விஷயம். மூளைக்கும் எலும்புக்கும் நடுவே தடித்த உறை இருக்கிறது, இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன. ஆகவே கல்லில் தெரியும் கோடு மடிப்பா, குழாயா, எலும்புத் தையலா என்று பிரித்தறிவது கடினம். வெளிப்புறம் மட்டுமே பதியும். உள்ளே நரம்புகள் எப்படி இணைந்திருந்தன என்பது பதியவே பதியாது. டார்ட் 1925 பிப்ரவரியில் இந்தக் குழந்தையைப் பற்றி வெளியிட்ட கட்டுரையில், பார்வைப் பகுதியின் எல்லையைக் காட்டும் பிறைவடிவப் பள்ளம் குரங்குகளில் இருப்பதைவிடப் பின்னால் தள்ளியிருக்கிறது, ஆகவே மூளை மனித வழியில் திரும்பத் தொடங்கிவிட்டது என்றார். 1980-ல் மானுடவியலாளர் டீன் ஃபால்க் அதே அச்சைப் பார்த்து, அமைப்பு வாலில்லாக் குரங்குகளுடையதைப் போன்றதே என்றார். இன்னொரு மானுடவியலாளர் ரால்ஃப் ஹாலவே டார்ட்டின் பக்கம் நின்றார். ஒரே கல்லை வைத்து இந்த விவாதம் பல பத்தாண்டுகள் நடந்தது. அந்தக் குழந்தை இறந்தபோது வயது மூன்று அல்லது நான்கு. மூளை சுமார் 400 மி.லி. வளர்ந்திருந்தால் 440 மி.லி. அளவுக்கு வந்திருக்கும். இன்றைய சிம்பன்சியின் மூளையும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

அளவுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்ப்போம். 1947-ல் ஸ்டெர்க்ஃபொன்டெய்ன் குகையில் ராபர்ட் புரூமும் ஜான் ராபின்சனும் கண்டெடுத்த, 'மிசஸ் பிளெஸ்' என்று எல்லோரும் அழைக்கும் மண்டையோடு 485 மி.லி. ஹோமோ ஹாபிலிஸ் என்னும் ஆதிமனித இனம் 600 மி.லி.யை ஒட்டி. ஹோமோ எரெக்டஸ் என்னும் பிந்தைய இனம் தொடக்கத்தில் 600 முதல் 800 வரை, பிற்காலத்தில் 1,000-த்தைத் தாண்டியும். சுமார் 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மொராக்கோவின் ஜெபல் இர்ஹூதில் வாழ்ந்தவர்களின் மூளை இன்றைய மனிதர்களின் அளவு வரம்புக்குள் வந்துவிட்டது. இன்றைய சராசரி 1,350 மி.லி. நமக்கு நெருங்கிய உறவாக இருந்து மறைந்துபோன நியாண்டர்தால் மனிதர்கள் அதற்குச் சமம், சிலர் கூடுதல்.

இதை வைத்து "அளவு கூடக் கூட மொழி" என்று ஒரு கோடு போடத் தோன்றும். போடக் கூடாது. இன்று 1,000 மி.லி. மூளை உள்ளவரும் 1,600 மி.லி. உள்ளவரும் ஒரே அளவு சரளமாகப் பேசுகிறார்கள். 2013-ல் ஜோகன்னஸ்பர்க்குக்கு வடமேற்கே ரைசிங் ஸ்டார் குகையில் கிடைத்த ஹோமோ நலேடி மனிதர்களின் மூளை 465 முதல் 610 மி.லி. வரைதான். அவர்கள் வாழ்ந்ததோ 3,35,000 முதல் 2,36,000 ஆண்டுகளுக்கு முன், அதாவது பெரிய மூளைக்காரர்கள் ஆப்பிரிக்காவில் நடமாடிய அதே காலத்தில். அச்சில் அவர்களுடைய நெற்றிப்பகுதி மடிப்புகள் மனிதச் சாயலில் இருக்கின்றன. அவர்கள் இறந்தவர்களைப் புதைத்தார்கள், சுவரில் கோடு கீறினார்கள் என்று 2023-ல் வந்த கூற்றுகளுக்கு மற்ற ஆய்வாளர்களிடமிருந்து கடும் மறுப்பு எழுந்தது. அந்தக் கூற்றுகளின் மேல் மொழியைப் பற்றி எதையும் கட்டக் கூடாது என்பதே என் கருத்து.

எண்ணிக்கையிலும் இதே பாடம்தான். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். ஆப்பிரிக்க யானைக்கு 25,700 கோடி. ஆனால் யானையின் நரம்பணுக்களில் மிகப் பெரும்பாலானவை சிறுமூளையில் இருக்கின்றன. பெருமூளைப் புறணியில், அதாவது மடிப்புகள் கொண்ட வெளிப்படலத்தில், 560 கோடி மட்டுமே. நமக்குப் புறணியில் 1,600 கோடி. எங்கே இருக்கின்றன, எதோடு எது இணைகிறது என்பதுதான் கணக்கு.

பெரிய மூளைக்கு விலையும் பெரிது. உடல் எடையில் 2 சதவீதம் இருக்கும் மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. ஐந்து வயதை ஒட்டிய குழந்தையிடம் அது மூன்றில் இரண்டு பங்கு வரை போகிறது. அந்த வயதில் உடல் வளர்ச்சி மெதுவாவது இதனால்தான் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இவ்வளவு தீனி போட இறைச்சியும் எலும்பு மஜ்ஜையும் கிழங்கும் வேண்டும், சமைத்தால் இன்னும் நல்லது. வடக்கு கேப்பில் வொண்டர்வெர்க் குகையின் உள்ளே 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிந்த சாம்பலும் எலும்பும் அடுக்கில் அப்படியே இருக்கின்றன. ஆனால் எரெக்டஸின் மூளை வளரத் தொடங்கியது அதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ 19 லட்சம் ஆண்டுகளுக்கு முன். அடுப்புதான் மூளையை வளர்த்தது என்ற கருதுகோளுக்கு அந்த இடைவெளி இன்னும் தொல்லையாகவே இருக்கிறது.

மரபணுக்களில் சிலவற்றைச் சொல்லிவிட்டுக் கடக்கிறேன். எஸ்.ஆர்.கேப்2சி, ஏ.ஆர்.எச்.கேப்11பி, நாட்ச்2என்.எல். என்னும் மூன்றும் பழைய மரபணுக்கள் இரட்டித்ததால் மனித வழியில் மட்டும் உண்டானவை. முதலாவது நரம்பணு இணைப்புகள் முதிர்வதைத் தாமதப்படுத்துகிறது. மற்ற இரண்டும் கருவில் புறணியின் மூல அணுக்களைப் பெருக்குகின்றன. மூன்றுமே மூளை வளர்ச்சியைப் பற்றியவை. மொழிக்கென்று தனியாக எதுவும் செய்வதில்லை.

'மொழி மரபணு' என்று செய்தித்தாள்கள் பெயர் சூட்டியது ஃபாக்ஸ்பி2-வுக்கு. லண்டனில் ஒரு குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் பாதிப் பேருக்குப் பேச்சு குழறியது. வாயசைவுகளை வரிசையாக அடுக்க அவர்களால் முடியவில்லை. 2001-ல் காரணமான பழுது இந்த மரபணுவில் என்று தெரிந்தது. அடுத்த ஆண்டு, சிம்பன்சியிடமிருந்து இதில் இரண்டே அமினோ அமில வேறுபாடு என்றும், அது அண்மைக் காலத்தில் மனிதரிடையே வேகமாகப் பரவியது என்றும் ஒரு கணக்கு வந்தது. 2007-ல் நியாண்டர்தால்களிடமும் அதே வடிவம் இருப்பது தெரிந்தது. 2018-ல் கூடுதலான ஆப்பிரிக்க மரபணுத் தொகுதிகளைச் சேர்த்து மறுபடி கணக்கிட்டபோது, வேகப் பரவலின் அடையாளமே மறைந்துவிட்டது. முதல் கணக்கு பிசகியதற்குக் காரணம், சிறிய மாதிரியில் ஆப்பிரிக்கர்கள் மிகக் குறைவாக இருந்தது. மனிதகுலத்தின் மரபணு வகைமையில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவில் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டு மனிதகுலத்தைப் பற்றிக் கணக்குப் போட்டால் இப்படித்தான் ஆகும்.

அடுத்து வாய். குரல்வளை கீழே இறங்கியதால்தான் மனிதன் பேசினான் என்று பள்ளிப் பாடங்களில்கூட வந்திருக்கிறது. 2016-ல் உயிருள்ள குரங்குகளின் வாய், தொண்டை அசைவுகளை எக்ஸ்ரே படமாக எடுத்து அளந்து பார்த்தபோது, புரியும்படி பேசத் தேவையான உயிரொலிகளை அந்தத் தொண்டையே எழுப்ப முடியும் என்று தெரிந்தது. தொண்டை தடையாக இல்லை. தடை நரம்பில் இருக்கிறது. மனித மூளையின் இயக்கப் புறணியிலிருந்து குரல்வளைத் தசைகளை ஆட்டும் நரம்பணுக்களுக்கு நேரடி இணைப்பு உண்டு, குரங்குகளுக்குச் சுற்றுவழிதான். அலறலும் அழுகையும் அந்தச் சுற்றுவழியில் வரும். நினைத்த ஒலியை நினைத்த நேரத்தில் எழுப்ப நேர்வழி வேண்டும். எலும்புகளில், நாக்கின் வேரைத் தாங்கும் நாவடி எலும்பு மட்டும் ஓரளவு உதவுகிறது. எத்தியோப்பியாவின் டிகிகாவில் கிடைத்த 33 லட்சம் ஆண்டுப் பழமையான குழந்தையின் நாவடி எலும்பு சிம்பன்சியுடையதைப் போன்றது. காற்றுப் பை வைத்து உறுமும் தொண்டைக்குப் பொருந்துவது. 1983-ல் இஸ்ரேலின் கெபாரா குகையில் கிடைத்த நியாண்டர்தாலின் நாவடி எலும்பு நம்முடையதைப் போலவே இருக்கிறது.

மூளைக்குள்ளே, 1861-ல் பால் புரோக்கா இடது நெற்றிப்பகுதியிலும் 1874-ல் கார்ல் வெர்னிக்கே காதை ஒட்டிய இடது பொட்டுப்பகுதியிலும் பழுதுபட்டால் பேச்சும் புரிதலும் போவதைக் காட்டினார்கள். இந்த இரு பகுதிகளையும் வில்போல் வளைந்து இணைக்கும் நரம்புக்கற்றை ஒன்று இருக்கிறது. 2008-ல் மனிதர், சிம்பன்சி, மக்காக் குரங்கு மூன்றையும் ஒப்பிட்டபோது, மனிதரிடம் மட்டும் அந்தக் கற்றை பொட்டுப்பகுதியின் நடுவிலும் கீழ்ப்புறத்திலும், சொற்பொருள் இருக்கும் இடங்கள் வரை தடித்து நீண்டிருப்பது தெரிந்தது. சிம்பன்சியிடம் அதன் தொடக்கம் இருக்கிறது. பழைய பாதையை அகலப்படுத்தி நீட்டியதுபோலத்தான் மொழியின் பெரும்பகுதி மூளையில் உருவாகியிருக்கிறது; புதிதாக ஓர் உறுப்பு முளைக்கவில்லை. மூளையின் வடிவமும் இதே திசையில் போகிறது. ஜெபல் இர்ஹூது மனிதர்களின் மூளை அளவில் நம்முடையதுதான், வடிவில் நீள்வட்டம். உருண்டையான இன்றைய வடிவம் 1 லட்சம் முதல் 35,000 ஆண்டுகளுக்கு முன்பான காலத்தில்தான் மெல்ல மெல்ல முழுமையாகிறது.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் தீர்ப்பு: அளவு வளர்ச்சியின் பெரும்பகுதி மொழிக்கு முந்தியது. சைகை, குரல், பிறர் கவனத்தைத் திருப்புதல், கற்பித்தல் எல்லாம் அந்த வளர்ச்சியோடு கூடவே ஏறி வந்தன. பிறகு நுணுக்கமான இணைப்புகள் மொழியோடு சேர்ந்து, ஒன்றை ஒன்று தள்ளி வளர்ந்தன. கற்பித்தலுக்கு நல்ல சோதனைச் சான்றும் இருக்கிறது. 2015-ல் வெளிவந்த ஒரு சோதனையில் 184 பேரை, குழுவுக்கு ஒரு விதமாக, மிகப் பழைய வகைக் கற்கருவி செய்யப் பழகவிட்டார்கள். வெறுமனே பார்த்துச் செய்தவர்கள் தாமாக முயன்றவர்களைவிடப் பெரிதாகத் தேறவில்லை. சைகையால் கற்றவர்கள் தேறினார்கள். வாய்ப்பேச்சால் கற்றவர்கள் இன்னும் கூடுதலாக. கல்லை எந்தக் கோணத்தில், விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே தட்டுவது என்பதைப் பார்த்து மட்டும் பிடிக்க முடிவதில்லை.

இனி உங்கள் பக்கத்துக் குகைக்கு வருவோம். டர்பனுக்கு வடக்கே சுமார் 40 கி.மீ., கடலிலிருந்து 15 கி.மீ. உள்ளே, உத்தோங்காத்தி ஆற்றின் மேல் மணற்பாறைச் சரிவில் சிபுடு குகை இருக்கிறது. ஒப்பந்தத் தொழிலாளர்களாக வந்த தமிழர்கள் கரும்பு வெட்டிய டோங்காட் வட்டாரம் அது. ஊருக்கும் ஆற்றுக்கும் பெயர் ஒன்றே. தொல்லியலாளர் லின் வாட்லி 1998 முதல் அங்கே அகழ்ந்தார். 2024-ல் டீப்க்ளூஃப், பின்னக்கிள் பாயின்ட் ஆகிய தென்னாப்பிரிக்கத் தொல்லிடங்களோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. 77,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வாழ்ந்தவர்கள் கோரையையும் புல்லையும் பரப்பிப் படுக்கை போட்டு, மேலே ஒரு காட்டு மரத்தின் இலையை விரித்திருக்கிறார்கள். அந்த இலையில் பூச்சியை விரட்டும் வேதிப்பொருள் இருக்கிறது. பிற்காலத்தில் படுக்கையை அவ்வப்போது கொளுத்திச் சுத்தம் செய்து புதிதாகப் போட்டிருக்கிறார்கள்.

அதைவிடச் சுவையான செய்தி பசை. கல்முனையைக் கம்பில் பொருத்த, வேல மரப் பிசினோடு செங்காவிப் பொடி கலந்திருக்கிறார்கள். வாட்லி அதைத் தாமே செய்துபார்த்தார். பிசின் மட்டும் போட்டால் ஈரத்தை இழுத்து இளகும், காய்ந்தால் தட்டியதும் உடையும். காவி கலந்தால் இறுகும். ஆனால் மரத்துக்கு மரம், நாளுக்கு நாள் பிசினின் நீர்ப்பதம் மாறுவதால் காவியின் அளவும் ஒவ்வொரு முறையும் மாற வேண்டும். பொடி கரடாக இருந்தால் ஒட்டாது. நெருப்பருகே உலர்த்த வேண்டும். மிக அருகில் வைத்தால் பிசின் கொதித்துக் குமிழி கட்டி வலுவிழக்கும், தொலைவில் வைத்தால் உள்ளே ஈரம் நிற்கும். கையில் கல், கம்பு, பசை, கண்ணில் நெருப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனித்து, நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொண்டே போக வேண்டும். இதற்குத் தேவையான நினைவாற்றலும் திட்டமிடலும், ஒரு நீண்ட வாக்கியத்தின் தொடக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு முடிவுக்குப் போகிற ஆற்றலுக்கு நெருங்கிய உறவு. பசை பேச்சுக்கு நேரடிச் சான்றாகாது. ஆனால் இந்த வேலையைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது பேச்சில்லாமல் எவ்வளவு கடினம் என்று எண்ணிப் பாருங்கள்.

மேற்கு கேப்பின் ப்ளோம்போஸ் குகையில் 1 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் நத்தை ஓடுகளில் காவிக் கலவை கரைத்து வைத்திருக்கிறார்கள். 75,000 ஆண்டுப் பழமையான துளையிட்ட நத்தை ஓட்டு மணிகளும், 73,000 ஆண்டுகளுக்கு முன் காவிக் கட்டியால் கல்லில் குறுக்கும் நெடுக்குமாக இழுத்த கோடுகளும் அங்கே கிடைத்தன. ஒரு மணியைக் கழுத்தில் போட்டால் அது எதைக் குறிக்கிறது என்று மற்றவர்களும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். சொல்லும் அப்படித்தான் இயங்குகிறது. இதற்கு முந்தைய அடுக்குகளில் இத்தகைய பொருள்கள் அரிதாக இருப்பதால் அதற்கு முன் மொழி இல்லை என்று சிலர் முடிவு கட்டுகிறார்கள். மரமும் தோலும் இறகும் பாட்டும் மண்ணில் தங்குவதில்லை. மொழி வந்த தேதியாக 75,000-ஐ வைப்பது தவறு.

ஏன் தவறு என்பதற்கு வலுவான காரணம் டோங்காட்டுக்கு அடுத்த ஊரிலிருந்தே வருகிறது. பாலிட்டோ கடற்கரையில் 1960-களில் ஒரு சிறுவனின் எலும்புகள் கிடைத்தன. அவன் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவன். வடக்கிலிருந்து கால்நடை வளர்ப்போரும் பாண்டு மொழி பேசும் உழவர்களும் அங்கே வந்து கலப்பதற்கு முந்தையவன். 2017-ல் அவனுடைய டி.என்.ஏ.-வை முழுமையாகப் படித்தார்கள். தென்னாப்பிரிக்காவின் தொல்குடி வேட்டை மக்களான சான் மக்களின் இன்றைய மரபணுவில் பிற்காலக் கலப்பு இருப்பதால், அதை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் பிரிவு உண்மையைவிட அண்மையில் நடந்ததாகத் தெரியும். கலப்பில்லாத பாலிட்டோ சிறுவனை வைத்துக் கணக்கிட்டபோது, தென்னாப்பிரிக்க வேட்டை மக்களின் மூதாதையரும் மற்ற மனிதரின் மூதாதையரும் பிரியத் தொடங்கியது 3,50,000 முதல் 2,60,000 ஆண்டுகளுக்கு முன் என்று வந்தது. வேறு முறைகள் இதைவிடக் குறைவாகக் கணக்கிடுகின்றன. அவையும் பொதுவாக 1 லட்சத்துக்குக் கீழே வருவதில்லை. பிரிவுக்குப் பிறகும் அவ்வப்போது கலப்பு நடந்துதான் இருக்கிறது.

இப்போது இதை மொழியோடு சேர்த்துப் பாருங்கள். உயிரோடிருக்கும் மனிதர்களிடையே மிக ஆழமான கிளைப்பிரிவு இதுதான். ஆனால் கிளையின் இரு பக்கத்துக் குழந்தைகளும் எந்த மொழியையும் ஒரே விதமாகக் கற்கிறார்கள். சான் குழந்தை ஆங்கிலத்தை, ஜூலு குழந்தை தமிழை, தமிழ்க் குழந்தை ஜூலுவை. ஒரே திறன் இரண்டு கிளைகளிலும் தனித்தனியாக, அச்சு மாறாமல் உருவானது என்று கொள்வதைவிட, பிரிவதற்கு முன்பே அது இருந்தது என்று கொள்வதே பொருத்தம். ஆகவே மொழித் திறன் 1 லட்சம் ஆண்டுகளைவிடப் பழையது, பெரும்பாலும் அதைவிட வெகு பழையது என்று உறுதியாகச் சொல்வேன்.

இங்கே இரண்டு தவறான எண்ணங்களைக் களைய வேண்டும். நாக்கைச் சொடுக்கி எழுப்பும் சான் மொழிகளின் சொடுக்கொலிகள் ஆதிமனிதப் பேச்சின் எச்சம் என்று சொல்வார்கள். போட்ஸ்வானாவில் பேசும் டா மொழியில், ஒரு கணக்கின்படி, மெய்யொலிகள் மட்டும் நூறுக்கு மேல். அது எளிய தொடக்கநிலை மொழி அல்ல. சொடுக்கொலி கற்று வாங்கக் கூடியது என்பதற்கு நீங்கள் தினமும் கேட்கும் ஜூலு மொழியான இசிஜூலுவே சான்று; அதன் மூன்று வகைச் சொடுக்குகளும் அண்டை மக்களிடமிருந்து வந்தவை. இரண்டாவது, தமிழே மனிதகுலத்தின் முதல் மொழி என்பது. மொழிகளை ஒப்பிட்டுப் பின்னோக்கிப் போகும் முறை சில ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் எட்டாது. திராவிடக் குடும்பம் முழுவதற்கும் 2018-ல் கணக்கிட்ட வயது சுமார் 4,500 ஆண்டுகள். சிபுடுவில் பசை காய்ச்சியவர்கள் பேசியது எதுவாக இருந்தாலும், இன்று எந்த மொழிக்கும் அதன் பெயரைச் சூட்ட முடியாது. தமிழின் பெருமைக்கு அந்தச் சான்றிதழ் தேவையும் இல்லை. ஈராயிரம் ஆண்டு எழுத்து வரலாறு அதற்குக் கையில் இருக்கிறது.

இனி பேரப்பிள்ளைகள். மனிதக் குழந்தை பிறக்கும்போது மூளை பெரியவர்களுடையதில் 30 சதவீதத்துக்கும் குறைவு. சிம்பன்சிக் குட்டிக்கு ஏறக்குறைய 40 சதவீதம். மிச்சம் வளர்வது வெளியே, மனிதர்கள் பேசும் சத்தத்தின் நடுவே. முதலில் இணைப்புகள் தேவைக்கு மேல் பெருகும். பயன்படுவது நிலைக்கும், பயன்படாதது கழியும். 1984-ல் ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் வெளியிட்ட சோதனை உங்கள் கேள்விக்கென்றே நடந்ததுபோல் இருக்கும். இந்தியில் வரும், தமிழிலும் இருக்கும், த-வுக்கும் ட-வுக்கும் உள்ள வேறுபாட்டை ஆங்கிலக் குடும்பக் குழந்தைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். 6 முதல் 8 மாதக் குழந்தைகள் தெளிவாகப் பிரித்தறிந்தார்கள். 10 முதல் 12 மாதத்தில் அந்தத் திறன் பெரும்பாலும் போய்விட்டது. இந்திக் குடும்பக் குழந்தைகளிடம் அது நிலைத்தது. ஆகவே ழ, ள, ண வராததற்கு நாக்கு காரணமில்லை. ஒரு வயதுக்குள் காது அவற்றைத் தேவையற்ற வேறுபாடு என்று ஒதுக்கிவிட்டது. ஆங்கிலத்துக்கு அது சரியான முடிவு. (தமிழ்நாட்டிலேயே தென்மாவட்டங்களில் பலர் ழகரத்தை ளகரமாகத்தான் ஒலிக்கிறார்கள், உங்கள் ஆயா அப்படிப் பேசியிருந்தால் அது அவருடைய ஊர் வழக்கு, பிழை ஆகாது.)

அடுத்த சோதனை இன்னும் பயனுள்ளது. 2003-ல் பாட்ரிசியா கூல் குழுவினர் சியாட்டிலில் 9 மாதக் குழந்தைகளை மாண்டரின் பேசுவோரோடு 25 நிமிடம் வீதம் 12 முறை விளையாட விட்டார்கள். அந்த மொழியின் ஒலி வேறுபாட்டை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். அதே பேச்சைத் தொலைக்காட்சியில் காட்டிய குழந்தைகளும், ஒலிப்பதிவாகக் கேட்ட குழந்தைகளும் எதுவும் கற்கவில்லை. மொத்தம் ஐந்து மணி நேர நேருக்கு நேர்ப் பேச்சு செய்ததைத் திரை செய்யவில்லை. கைக்குழந்தைக்குத் தமிழ்ப் பாட்டு வீடியோ போட்டுவிட்டுப் பலன் எதிர்பார்ப்பது இதனால்தான் ஏமாற்றத்தில் முடிகிறது. தமிழ் தெரிந்தவர் யாராவது, குளிப்பாட்டும்போதும் சோறூட்டும்போதும் முகம் பார்த்துத் தமிழில் பேச வேண்டும். இரண்டு மொழி கேட்டால் குழந்தை குழம்பும் என்று அஞ்ச வேண்டாம். இரு மொழிகளையும் கலந்து பேசுவது இயல்பான கட்டம். இரண்டிலும் தெரிந்த சொற்களைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மொழிக் குழந்தைக்குச் சமமாகவே இருக்கும்.

உங்கள் வீட்டில் தமிழ் நின்ற விதத்துக்கும் இதில்தான் விளக்கம். 1860 நவம்பர் 16-ஆம் தேதி சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பன் வந்தது முதல் 1911 வரை, டர்பன் அடங்கிய நேட்டாலுக்கு 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். தோட்டக் குடியிருப்புகளில் தமிழ் மூன்று தலைமுறை நின்றது. பிறகு, வீட்டின் மூத்த பிள்ளை பள்ளிக்குப் போய் ஆங்கிலத்தோடு திரும்பும்; தம்பி தங்கைகளோடு ஆங்கிலத்தில் விளையாடும்; கடைசிப் பிள்ளைக்கு ஆங்கிலமே முதல் மொழியாகும். இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த 1950-ஆம் ஆண்டின் குழுப்பகுதிச் சட்டத்தால் பழைய இடங்களிலிருந்து பெயர்க்கப்பட்டு, 1960-களில் சாட்ஸ்வர்த் போன்ற இடங்களின் சிறு வீடுகளில் குடியேறியபோது கூட்டுக் குடும்பம் கலைந்தது. தொட்டிலருகே தமிழ் பேசும் ஆயா வேறு வீட்டில் ஆனார். முதல் ஆண்டின் அந்தச் சில மணி நேரங்கள் போனால், மூளை எவ்வளவு நன்றாக இருந்தாலும் மொழி தானாக இறங்காது. 1996 அரசியலமைப்பு தமிழைப் பெயர் சொல்லி மதிக்கிறது. ஆனால் தொட்டில் வேலையைச் சட்டத்தால் செய்ய முடியாது.

வளர்ந்த பிள்ளைகளுக்குக் கதவு அடைபடவில்லை. 2018-ல் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு, இலக்கணத்தைப் பிடிக்கும் வேகம் 17 வயதை ஒட்டித்தான் இறங்கத் தொடங்குகிறது என்று காட்டியது. சிறு வயதில் பேசாமல் கேட்க மட்டும் செய்தவர்கள் பிற்காலத்தில் அதே மொழியைக் கற்கும்போது, கேட்டே இராதவர்களைவிட உச்சரிப்பில் முந்துகிறார்கள்.

ஒலியைப் பழக்குவதற்கு முறை இருக்கிறது. ஜப்பானியருக்கு ஆங்கில ர-வும் ல-வும் ஒன்றாகவே கேட்கும். பல குரல்களில், பல சொற்களில் அவற்றைக் கேட்கச் செய்து, ஒவ்வொரு விடைக்கும் உடனே சரி தவறு சொன்னபோது சில வாரங்களில் முன்னேறினார்கள். உச்சரிப்புப் பயிற்சி எதுவும் தராமலே அவர்களுடைய உச்சரிப்பும் தெளிவானது. தமிழுக்கும் இப்படிச் செய்யலாம். மலை–மழை, பல்லி–பள்ளி, கல்–கள், மனம்–மணம், தலை–தழை போன்ற இணைகளை எடுத்துக்கொள்ளுங்கள். குறைந்தது நான்கைந்து பேரிடம், ஆண் பெண் முதியவர் இளையவர் கலந்து, ஒவ்வொரு சொல்லையும் தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். ஒரே குரலை வைத்தால் பிள்ளை அந்தக் குரலை மனப்பாடம் செய்துவிடும், ஒலியைக் கற்காது. இந்த முயற்சி பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஒரு சொல்லைப் போட்டு, எதுவென்று கேட்டு, விடை வந்த உடனே திருத்துங்கள். நாளுக்குப் பதினைந்து இருபது நிமிடம் போதும். பத்தில் எட்டு ஒன்பது சரியாக வந்த பிறகு நாக்குக்கு வாருங்கள்: ள-வுக்கு நாநுனி மேலே வளைந்து அண்ணத்தைத் தொட வேண்டும்; ழ-வுக்கு அதே வளைவில் தொடாமல் நிற்க வேண்டும். 247 எழுத்து அட்டவணையை முதல் நாளே கையில் கொடுக்காதீர்கள். எழுத்து ஐயாயிரம் ஆண்டுப் பழக்கம்தான். வாசிப்பதற்கென்று மூளையில் எந்த இடமும் பரிணமித்ததில்லை, பார்வைப் பகுதியின் ஒரு துண்டைப் பயிற்சியால் அதற்குத் திருப்ப வேண்டியிருக்கிறது. காது பிரிக்காத ஒலிகளுக்கு மூன்று எழுத்தைக் கொடுத்தால் பிள்ளைக்கு ல, ள, ழ மூன்றும் ஒன்றாகவே தெரியும், எழுத்துப்பிழை பின்னாலேயே வரும்.